கொல்லிமலைச் சாமையைக் கைக்கணினியில் கோட்டோவியமாக்கல்: அளவும் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

தாவரக் கோட்டோவியம் ஓர் ஆய்வுச் சான்றாகும். மைப்பேனாவுக்கு மாற்றாகக் கைக்கணினி (டேப்லெட்) பயன்படும்போது அச்சான்றுத்தன்மையைக் காக்கும் முறைகளைச் சாமைக் கதிரை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, சாமை, கோட்டோவியம், கைக்கணினி, அளவுகோல்.

முன்னுரை

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயில் இங்குதான் அமைந்துள்ளது. இம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை முதலிய பல சாமை வகைகளைப் பயிரிட்டு வந்துள்ளனர். மரவள்ளி பரவியதால் சிறுதானியப் பரப்பு சுருங்கிவிட்டது. ஒரு வகை வயலிலிருந்து மறைந்தபின் அதன் வடிவத்தை அறிய எஞ்சுவன உலர்மாதிரி, விதை, படம் ஆகியவையே. திருச்சிராப்பள்ளி ரப்பினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மத்தேயு 1982இல் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரப் படத்தொகுதி கோட்டோவியங்களாலேயே அமைந்தது. அம்மரபு இன்று கைக்கணினிக்கு இடம்பெயர்ந்து வருகிறது.

கோட்டோவியத்தின் தேவை

சாமையின் சிறுகதிர் ஏறத்தாழ 3 மி.மீ. நீளமுடையது. கீழ் உமி குட்டையானது. மேல் உமி சிறுகதிரின் நீளத்தை ஒத்தது. இவ்வளவு சிறிய உறுப்பை அண்மையில் ஒளிப்படம் எடுத்தால் ஒரு தளம் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் அமையும். ஓவியரோ பல கோணங்களில் கண்டவற்றை ஒரே படத்தில் தெளிவாகக் காட்ட இயலும்.

அளவை முன்கூட்டியே வரையறுத்தல்

திரையில் படத்தை எவ்வளவும் பெரிதாக்கலாம் என்பதால், அச்சில் நிலைக்காத நுண்கோடுகளை வரையும் போக்கு ஏற்படுகிறது. எனவே அச்சளவை முதலில் முடிவுசெய்தல் வேண்டும். 14.8 × 21 செ.மீ. தாளுக்கு, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் எனக் கொண்டால் வரைபரப்பு ஏறத்தாழ 3496 × 4961 படப்புள்ளிகளாகும். இதில் 0.25 மி.மீ. கோடு சுமார் 6 படப்புள்ளி அகலமுடையது. படத்தைப் பாதியாகக் குறைத்தால் அது 0.125 மி.மீ. ஆகும், 0.1 மி.மீ. கோடோ 0.05 மி.மீ. ஆகி அச்சில் அறுபடக்கூடும்.

‘10 மடங்கு’ என உருப்பெருக்கத்தை எண்ணால் குறிப்பதும் பொருந்தாது. திரையின் அளவு மாறியவுடன் அவ்வெண் பிழையாகிவிடும். படத்துக்குள்ளேயே வரையப்படும் அளவுகோல் படத்தோடு சேர்ந்து பெருகிச் சுருங்குவதால் எந்நிலையிலும் மெய்யாக இருக்கும்.

கோடும் நிழலும்

ஒளி இடப்புற மேல்பகுதியிலிருந்து விழுவதாகக் கொள்வதும், நிழலைப் புள்ளிகளின் நெருக்கத்தால் காட்டுவதும் மைப்பேனா மரபுகள். கைக்கணினியிலும் இவை மாறுவதில்லை. ஆனால், கைநடுக்கத்தைச் சீராக்கும் வசதியை மிகுதியாக வைத்தால் தண்டின் இயல்பான நெளிவும் சேர்ந்து மறைந்துவிடும். ஒளிப்படத்தின்மேல் அடுக்கிட்டு வரையும்போது வில்லையின் கோணத்திரிபும் படத்தில் புகுந்துவிடும். ஆகவே மாதிரியில் எடுத்த அளவுகளைத் தனி அடுக்கில் குறித்து, அவற்றோடு ஒப்பிட்டே கோட்டை உறுதிசெய்தல் வேண்டும்.

படியெடுத்தலின் இடர்

ஒரு சிறுகதிரை வரைந்து, அதையே கதிர் முழுவதும் படியெடுத்து ஒட்டுவது எளிது. அவ்வாறு செய்தால் சிறுகதிர்களின் எண்ணிக்கை, இடைவெளி, சாய்வு ஆகியன கண்டறிந்த தரவுகளாக அல்லாமல் கற்பனையாகிவிடுகின்றன. சாமை வகைகளைப் பிரித்தறிய உதவும் பண்புகளுள் கதிரின் நெருக்கமும் தளர்வும் அடங்கும். இரு வகைகளுக்கு ஒரே சிறுகதிரைப் படியெடுத்தால், ஆய்வு காட்டவேண்டிய வேறுபாட்டை ஓவியமே அழித்துவிடும். மைப்பேனா ஒவ்வொரு சிறுகதிரையும் தனித்தனியே காணும்படி ஓவியரைக் கட்டாயப்படுத்தியது; கைக்கணினி அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதனை முறையியல் விதியாக மீண்டும் வகுத்துக்கொள்வது ஆய்வாளரின் பொறுப்பாகும்.

முடிவுரை

கைக்கணினி திருத்தத்தை எளிதாக்குகிறது, உற்றுநோக்கலுக்கு மாற்றாவதில்லை. அச்சளவு, அளவுகோல், உலர்மாதிரி எண், படியெடுத்த பகுதி உண்டா என்னும் குறிப்பு ஆகிய நான்கும் படத்தோடு பதிவாதல் வேண்டும். அடுக்குகள் கொண்ட மூலக்கோப்பையும் பாதுகாத்தல் வேண்டும். அந்நிலையில்தான் பின்வரும் ஆய்வாளர் ஒரு கோட்டை மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும்.