சாயமும் உப்பும் கொஞ்சம் கணக்கும்

ஆக்லாந்தில் ஜூலை மாதம் துணி காயவைப்பதே ஒரு தனிக்கலை. வெயிலை நம்பிக் கொடியில் போட்டால் பத்தாவது நிமிஷம் மழை. போன வாரம் அந்த அவசரத்தில், ஊரிலிருந்து வந்த சிவப்பு டி-சர்ட்டை வெள்ளைச் சட்டைகளோட சேர்த்து ஊறப்போட்டுட்டேன். இப்போ எல்லாமே ரோஸ் :-)

இதுல காமெடி என்னன்னா, நான் இங்கே படிக்கிறதே இதைத்தான். துணிக்குள்ள ஒரு பொருள் எப்படிப் பரவுது, எவ்வளவு நேரமாகும்னு கணக்குப் போடுறது.

அடிப்படை விதி 1855-ல் அடால்ஃப் ஃபிக் சொன்னது. அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள் நகரும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. போற வழியில் சாயம் இழையில் ஒட்டிக்கிறதால இன்னும் மெதுவாகும். இந்தக் கணக்குகளைத் தொகுத்து 1956-ல் புத்தகம் போட்ட ஜான் கிராங்க், அப்போ இங்கிலாந்தில் கோர்ட்டால்ட்ஸ் என்ற இழைக் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தவர். கிராங்க்-நிக்கல்சன் முறையில் மண்டை காய்ஞ்ச மக்களே, அதே கிராங்க்தான்!

சரி, மேட்டருக்கு வருவோம். தண்ணீரில் பருத்தி இழைக்கு எதிர்மின்சுமை. ரியாக்டிவ் சாயத்துக்கும் அதேதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதை அடக்கத்தான் உப்பு. ஆழமான நிறம்னா லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலேயே போடுவாங்க. கடல்தண்ணியிலேயே சுமார் 35 கிராம்தான். சாயமாவது துணியில் தங்கும். உப்பு முழுக்கக் கழிவுநீரில் போகும். சாதாரணச் சுத்திகரிப்பில் அது பிரியாது.

எங்க அப்பா திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. மாமாவுக்கு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம். பாசனத்துக்காக நொய்யலில் கட்டின அணையில் சாயக்கழிவு தேங்கினது உங்களுக்கே தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னப்போ அப்பாவுக்குச் சம்பளம் இல்லை. மாமாவுக்குச் சந்தோஷம். தீபாவளிக்கு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசலை. யார் பக்கம் நிற்கிறது, சொல்லுங்க?

அதனாலதான் இந்தக் கணக்கு. உப்பின் அளவு லிட்டர் கணக்கு என்பதால், அதே துணியைக் குறைந்த தண்ணீரில் முக்கினால் மொத்த உப்பும் குறையும். ஆனா தண்ணீர் குறைஞ்சா சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கலாம். எவ்வளவு குறைக்கலாம், உப்பை எப்போ எப்போ போடலாம்னு துணியை வீணாக்காமல் மாதிரியில் ஓட்டிப் பார்க்கலாம். மிச்ச உப்பைச் சவ்வூடு வடிகட்டித் திரும்ப எடுக்கணும். 2011-க்கு அப்புறம் பட்டறைகள் போன வழி அதுதான்.

இதையெல்லாம் போனில் விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுட்டு, "கணக்கு சரி மாப்ள, நம்ம மண்ணு எப்ப சரியாகும்?" என்றார்.

களிமண் கட்டிக்குள்ள இறங்கின உப்பு வெளியே வர்றதும் இதே பரவல்தான். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. அதை மட்டும் அவர்கிட்டச் சொல்ல வாய் வரலை.

டிஸ்கி: ரோஸ் சட்டைக்கு வைத்தியம் தெரிஞ்ச புண்ணியவான்கள் சொல்லிட்டுப் போங்க.