மழையில் மெல்லச் செல்லும் கொங்கண் ரயில்

பரசுராமர் தம் கோடரியை வீசிக் கடலரசனிடமிருந்து மீட்ட பூமி என்று புராணம் போற்றுவது பாரதத்தின் மேற்குக் கரை. ஒருபுறம் சஹ்யாத்ரி மலை; மறுபுறம் அரபிக் கடல். இடைப்பட்ட குறுகிய நிலப்பரப்பில் கோகர்ணம், முருடேஸ்வரம், கொல்லூர், உடுப்பி எனத் திருத்தலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றை நாடிச் செல்லும் பக்தர்களுக்கு இன்று உற்ற துணையாக விளங்குவது கொங்கண் ரயில் பாதை.

இப்பாதை அமைவதற்கு முன், மும்பையிலிருந்து மங்களூருக்கு ரயிலில் வருவோர் மலைக்குக் கிழக்கே நெடுந்தூரம் சுற்றியே வர வேண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கும் எண்ணற்ற ஆறுகளும், பெருமழையும், செங்குத்தான பாறைகளும் கரையோரப் பாதைக்குத் தடையாக நின்றன. ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1990-ஆம் ஆண்டு இப்பணிக்கெனத் தனி நிறுவனம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். 1964-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்து, ராமேஸ்வர யாத்திரைக்கு மீண்டும் வழி திறந்தவரும் அவரே.

மகாராஷ்டிரத்தின் ரோஹாவில் தொடங்கி, கோவாவைக் கடந்து, மங்களூரை அடுத்த தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளும் இப்பாதையில் 90-க்கும் மேற்பட்ட சுரங்கங்களும், சிறிதும் பெரிதுமாகச் சுமார் 2,000 பாலங்களும் உள்ளன. ரத்னகிரிக்கு அருகிலுள்ள கர்புடே சுரங்கம் ஆறரை கிலோமீட்டர் நீளம். ஹொன்னாவரத்தில் சராவதி ஆற்றின் மேலுள்ள பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம். கடும் பாறையைக் குடைவதைவிட, ஈரமான இளகிய மண்ணைக் குடைவதே பெரும் சோதனையாயிற்று. தோண்டத் தோண்ட மண் சரிந்து மூடியது. இப்பணியில் உயிர்நீத்த தொழிலாளர்களுக்கு ரத்னகிரியில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. 1998-ஆம் ஆண்டு முழுப் பாதையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆயினும், பாதையை அமைத்ததோடு பணி முடிந்துவிடவில்லை. 2003-ஆம் ஆண்டு ஜூன் 22 இரவில், வைபவ்வாடி அருகே மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் சரிந்து விழ, அதில் மோதிய ரயில் தடம்புரண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு ஜூனிலும் மற்றொரு விபத்து உயிர்களைப் பறித்தது. அந்தத் துயரங்களுக்குப் பின் பாதுகாப்பு பலமடங்கு இறுக்கப்பட்டது. சரிவுகளின் சாய்வு குறைக்கப்பட்டது; உருளும் பாறைகளைத் தடுக்க இரும்பு வலைகள் போர்த்தப்பட்டன; மண்ணை இறுகப் பற்றிக்கொள்ள வெட்டிவேரும் நடப்பட்டது.

ஆண்டுதோறும் ஜூன் முதல் அக்டோபர் வரை இப்பாதைக்கெனத் தனிக் கால அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. ரயில்களின் வேகம் குறைக்கப்படுகிறது. பாதை கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாத பெருமழையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது ஓட்டுநர்களுக்கு இடப்பட்ட கட்டளை. முக்கியப் பாலங்களில் ஆற்றின் நீர்மட்டத்தையும் காற்றின் வேகத்தையும் கருவிகள் கண்காணிக்கின்றன. இவை அனைத்திற்கும் மேலாக, நூற்றுக்கணக்கான ரோந்துப் பணியாளர்கள் கொட்டும் மழையில், கையில் விளக்கேந்தி இரவெல்லாம் தண்டவாளத்தின் வழியே நடக்கின்றனர். மண் சரிந்திருந்தாலோ பாறை விழுந்திருந்தாலோ, வரும் ரயிலைத் தடுத்து நிறுத்துவது அவர்கள் பொறுப்பு.

உடுப்பியின் கிருஷ்ண ஜயந்தி, கொங்கண மக்களின் விநாயக சதுர்த்தி, கொல்லூரின் நவராத்திரி ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த மழைக்கால அட்டவணையின் நாட்களிலேயே வருகின்றன. எனவே யாத்திரை செல்லும் பெரியோர்கள் புறப்படும் முன் ரயிலின் மழைக்கால நேரத்தைக் கேட்டறிவது நலம். மருந்துகளைக் கூடுதலாக ஒரு நாளுக்கும் சேர்த்து எடுத்துச் செல்லலாம். சென்றடையும் அன்றே தரிசனம் என்று திட்டமிடாமல் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம். கொல்லூர் செல்வோர் பைந்தூர் மூகாம்பிகா ரோடு நிலையத்தில் இறங்கி, மேலும் சுமார் 28 கிலோமீட்டர் சாலை வழியே செல்ல வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்க.

நடுவழியில், அடர்ந்த காட்டினிடையே ரயில் நின்றுவிட்டால் மனம் சலிக்க வேண்டியதில்லை. முன்னே எங்கோ ஒருவர் மழையில் நனைந்தபடி பாதையைச் சோதித்துக்கொண்டிருக்கக்கூடும். அன்னை மூகாம்பிகையின் சந்நிதியில் குடும்பத்தாரின் நலனுக்காக வேண்டும்போது, பெயர் அறியாத அந்தக் காவலர்களுக்காகவும் ஒரு நொடி கைகூப்புவது தகும்.