பாப்பாபட்டி நாற்காலியும் இரண்டு பிரெஞ்சுப் புத்தகங்களும்

மாண்டெஸ்கியூவுக்கும் ரூசோவுக்கும் என்ன வித்தியாசம்? காலேஜ்ல இதை நான் அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி எழுதினவன். உண்மையிலேயே புரிந்தது, நம்ம உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றின் கதையைப் படித்த பிறகுதான்.

முதலில் புத்தகங்கள். 1748-ல் மாண்டெஸ்கியூவின் ‘சட்டங்களின் சாரம்’ வந்தது. அதிகாரத்தை எப்படி அமைக்கணும் என்பதுதான் அவருடைய கவலை. சட்டம் போடுவது, அதை நடத்துவது, தீர்ப்பு சொல்வது, மூணும் ஒரே கையில் இருந்தால் யாருக்கும் சுதந்திரம் இல்லை. அதிகாரத்தை இன்னொரு அதிகாரம்தான் தடுக்கும் என்றார்.

1762-ல் ரூசோவின் ‘சமுதாய ஒப்பந்தம்’. அவர் கேட்டது வேற: அதிகாரம் யாருடையது? மக்களுடையது. அதைப் பிரிக்கவே முடியாது. பிரிக்கலாம்னு சொன்ன அறிஞர்களை, குழந்தையைத் துண்டு துண்டாக வெட்டி மேலே எறிந்து முழுசாகப் பிடித்துக் காட்டுகிற வித்தைக்காரர்கள் மாதிரி இருக்காங்கன்னு கிண்டல் பண்ணினார். அரசாங்கம் அவருக்கு மக்களின் வேலையாள், எஜமான் இல்லை.

இப்போ பாப்பாபட்டிக்கு வருவோம். 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்த பிறகு, 1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் பெரும்பான்மையாக இருந்த ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரவில்லை. சில தடவை ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்தார். பயத்துக்குக் காரணம் இருந்தது: 1997 ஜூன் 30 அன்று மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியில் நாற்காலி பத்து வருஷம் காலியாகவே கிடந்தது.

அங்கே சொல்லப்பட்ட வாதத்தைக் கவனிங்க: “எங்க ஊரு, நாங்கதான் அதிகம், எங்க முடிவு.” கேட்க ரூசோ மாதிரியே இருக்கு, இல்லையா? ஆனா ரூசோ இதை ஏற்க மாட்டார். தனித்தனி ஆசைகளைக் கூட்டி வருவது வேற, எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் பொதுவிருப்பம் வேற என்று அவரே பிரிக்கிறார். எல்லோரிடமிருந்தும் வந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தினால்தான் அது பொதுவிருப்பம். ஊரில் ஒரு பகுதி மக்களை மட்டும் நாற்காலிக்கு வெளியே நிறுத்துகிற முடிவு, எத்தனை கை தூக்கினாலும், ஒரு கோஷ்டியின் விருப்பம்தான்.

மாண்டெஸ்கியூ வேற ஒன்றைப் பார்த்திருப்பார். ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு போடுவதும் அவங்கதான், அதை நடத்துவதும் அவங்கதான், மீறினால் தண்டிப்பதும் அவங்கதான். மூணு அதிகாரமும் ஒரே கையில்! அதனால்தான் நாடாளுமன்றம் போட்ட இடஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், நீதிமன்றம் என ஊருக்கு வெளியிலிருந்து தடுப்புகள் தேவைப்பட்டன. கிராமத்தையே அரசியலமைப்பின் அடிப்படை அலகாக வைக்கணும் என்ற யோசனையை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்ததும் இந்தக் கவலையில்தான்.

ஆனா அந்தத் தடுப்புகள் எல்லாம் இருந்தும் நாற்காலி பத்து வருஷம் காலி. இதுதான் என்னை உறுத்துகிற இடம். பிரிக்கப்பட்ட அதிகாரம் “நீ செய்றது தப்பு”ன்னு சொல்லும். அறிவிப்பு ஒட்டும், வாக்குப்பெட்டி அனுப்பும். பக்கத்து வீட்டுக்காரரைத் தலைவராக ஏற்கும் மனசை அனுப்ப முடியாது. 2006 அக்டோபரில், அப்போது கலெக்டராக இருந்த உதயச்சந்திரனின் நிர்வாகம் ஊர் மக்களோடு தொடர்ந்து பேசிய பிறகுதான், இந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடந்து, தலித் தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். சட்டம் வெளியிலிருந்து விடாமல் பிடித்திருந்தது. உள்ளிருந்து சம்மதமும் வர வேண்டியிருந்தது.

2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். ஊரே உட்கார்ந்து பேசும் கிராம சபை ரூசோவின் கனவுக்குக் கிட்ட வரும். ஆனா அதில் யார் பயமில்லாமல் உட்கார முடியும் என்பதை உறுதிசெய்ய மாண்டெஸ்கியூ தேவை.

அதனால, அடுத்த தடவை யாராவது “ஊரே முடிவு பண்ணிடுச்சு”ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்த ‘ஊர்’ல யாரெல்லாம் இருந்தாங்க?