ஒற்றைப்பாதையும் நிலைப்பொறியும்

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிலே பதுளையை அடைந்தது. மலைநாட்டில் அஃது ஒற்றைப்பாதையாகும். எல்லவிலிருந்து ஒரு வண்டியும் தெமோதரையிலிருந்து மற்றொரு வண்டியும் ஒரே வேளையிற் புறப்படுமாயின், இடைவழியில் அவை மோதுவதன்றி வேறு கதியில்லை. தோட்டத்து மக்களும் மாணாக்கரும் தம் உயிரை ஒப்புவித்துச் செல்லும் அப்பாதையைக் காப்பது ‘டேப்லட்’ எனப்படும் சிறிய வட்டத் தட்டாகும்.

1874ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியிலே நேர்ந்த குழப்பத்தால் இரு வண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். அதன்பின் 1878இல் எட்வர்ட் டையர் என்பார் இத்தட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டுள்ளன. மறுமுனையிலுள்ளவர் இசைந்தாலன்றித் தட்டு வெளிவராது. ஒரு தட்டு வெளிவந்தபின், அது மீண்டும் கருவியுள் இடப்படும்வரை, எம்முனையிலும் வேறு தட்டு வெளிவராது.

இன்றைய மின்னியலார் ‘நிலைப்பொறி’ என்பதும் இத்தகையதே. ‘பாதை வெறுமை’, ‘வண்டி வருகிறது’, ‘வண்டி பாதையில் உள்ளது’ என எண்ணத்தக்க சில நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஏற்கத்தக்க உள்ளீடுகள். அவற்றால் நிகழும் மாற்றங்கள் என்னும் இவையே அதன் உறுப்புகள்.

இதனை இலக்கமுறைச் சுற்றாக அமைப்போர் மூன்று இடர்களை எண்ணுதல் வேண்டும். முதலாவது, வகுக்கப்படாத நிலை. மூன்று நிலைகளுக்கும் நிலைக்கொன்றாக மூன்று பிட்டுகள் வைப்பின் எட்டுக் கோலங்கள் தோன்றும். அவற்றுள் ஐந்து பொருளற்றவை. மின்னதிர்ச்சியால் பொறி அவற்றுள் ஒன்றிற் புகுமாயின் வெளியேறும் வழி முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கடிகாரத் துடிப்போடு இயையாத உள்ளீடு. துடிப்பு நிகழும் கணத்திலேயே ஒருவர் பொத்தானை அழுத்துவாராயின், ‘பிளிப்-பிளொப்’ பூச்சியமுமின்றி ஒன்றுமின்றிச் சிறிதுநேரம் ஊசலாடக்கூடும். தொடர்ச்சியாக இரண்டு பிளிப்-பிளொப்புகளை வைத்து உள்ளீட்டை அவற்றின் வழியே செலுத்துவது இவ்விடரை மிகவும் குறைக்கும்.

மூன்றாவது, மின் தடைப்பட்டு மீளும்போது கொள்ளும் தொடக்கநிலை. ‘பாதை வெறுமை’ என்று தொடங்குவது எளிது. ஆயினும் அது கொடிது. மறந்துபோன பொறி, பாதையில் வண்டி உண்டென்றே கொள்ளுதல் வேண்டும். வண்டி தாமதிப்பது பொறுக்கத்தக்கது, மோதுவது அன்று. டையரின் முறையில் மின் தடைப்படினும், சாரதியின் கையிலுள்ள தட்டே பாதையின் நினைவாக நிற்கும்.

எனினும் பொறியொன்றே போதாது. 1921ஆம் ஆண்டு வேல்சிலுள்ள அபர்மியூல் நிலையத்தில், வந்த வண்டி கொணர்ந்த தட்டையே, அடுத்த பகுதிக்குரியதென எண்ணி அதன் சாரதியிடம் மீளக் கொடுத்தனர்; அவரும் அதிலுள்ள பெயரை நோக்கினாரில்லை. எதிரே வந்த விரைவுவண்டியோடு மோதியதில் பதினேழு பேர் மாண்டனர். கருவி பிழைக்கவில்லை; தட்டிற் பொறித்த பெயரை வாசிக்கும் கடமையே தவறியது. ஆகவே ஒரு பொறியின் நம்பகம், நிகழவேண்டியவற்றை வகுப்பதால் மட்டும் அமைவதன்று. நிகழக்கூடாதவற்றையும் ஒன்றுவிடாது எண்ணி, அவற்றுக்கும் வழி வகுப்பதாலேயே அமைவதாகும்.