வயித்துக்குள்ள மருந்து பம்ப்: திடீர்னு நின்னா உயிருக்கே ஆபத்து!

விருதுநகர்,

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி நடந்த பட்டாசு ஆலை வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். செத்தவர்கள் கணக்குதான் வெளியே தெரியும். இடிபாட்டில் சிக்கியோ, பைக்கில் இருந்தோ, பனை மரத்தில் இருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் உயிர் பிழைத்தாலும் கால் செயலிழந்து போகும்.

பலருக்கு கை, கால் கம்பு மாதிரி விறைத்துக்கொள்ளும். மூளைவாத குழந்தைகளுக்கும் இப்படி வரும். இதற்கு முதலில் கொடுப்பது பேக்லோபென் மாத்திரை. அதற்கும் அடங்காதவர்களுக்கு பம்ப் வைப்பார்கள். 1992-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லட்சக்கணக்கில் செலவாகும்.

எப்படி வேலை செய்கிறது?

தரைச்சக்கரம் மாதிரி வட்டமான டப்பாவை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து தைப்பார்கள். அதில் இருந்து மெல்லிய டியூப் தண்டுவட நீருக்குள் மருந்தை சொட்டுச்சொட்டாக விடும். மாத்திரை அளவில் நூறில் ஒரு பங்குகூட தேவைப்படாது. சில மாதத்துக்கு ஒருமுறை ஊசி மூலம் மருந்து நிரப்ப வேண்டும். பேட்டரி தீர்ந்தால் பம்பையே மாற்ற வேண்டும்.

என்ன கோளாறு வரும்?

டியூப் மடங்கலாம், உடையலாம், கழன்று போகலாம். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தால் மூளைக்காய்ச்சல் வரை போகும். மருந்து கூடிப்போனால் அசதி, மயக்கம், மூச்சுத் திணறல் வரும்.

மருந்து திடீரென்று நின்றால்தான் பெரிய ஆபத்து. உடம்பெல்லாம் அரிப்பு, கடும் காய்ச்சல், முன்பைவிட அதிக விறைப்பு, உளறல், வலிப்பு என்று வரும். தசை சிதைந்து கிட்னி கெடும், உயிரும் போகும். இதுபற்றி 2002-ல் அமெரிக்க மருந்து துறை கடும் எச்சரிக்கை விட்டது.

'சாதா காய்ச்சல்தானே' என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு படுக்காதீங்க. உடனே 108-க்கு போன் போடுங்க. பம்ப் இருப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லி, பம்ப் கார்டை காட்டுங்க. ஸ்கேன் எடுக்கும் முன்பும் சொல்லுங்க. 'தீபாவளி வேலை முடியட்டும்' என்று மருந்து நிரப்பும் தேதியை தள்ளிப்போடாதீங்க. பம்பில் பீப் சத்தம் கேட்டாலும் டாக்டரிடம் ஓடுங்க.

மாத்திரை சாப்பிடுறவங்களும் கவனிக்கணும். 'காசு இல்லை' என்று பேக்லோபெனை ஒரேயடியாக நிறுத்தினாலும் இதே ஆபத்துதான். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும்.