நடவாத ஆட்சிகள் – 5: பதினைந்தாவது அம்சம்

நடந்திருக்கக்கூடியதும் ஆனால் நடவாமற்போனதுமான ஒரு திருப்பத்தைக் கற்பித்துக்கொண்டு, அதன் விளைவுகளைக் காரண காரிய ஒழுங்கோடு தொடர்ந்து செல்லும் புனைவு வகையை மாற்று வரலாறு என்பர். பொதுவாக நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதப்படும் இவ்வகைக்குள், பெர்சிலியஸ் வின்ட்ரிப் என்னும் அமெரிக்கச் சர்வாதிகாரியின் கதை சற்றே விசித்திரமான வழியில் வந்து சேர்ந்தது. சின்க்ளேர் லூயிஸ் 1935 அக்டோபரில் வெளியிட்ட 'இட் கான்ட் ஹாப்பன் ஹியர்' (இங்கெல்லாம் அது நடக்காது) என்னும் நாவல், மறு ஆண்டு நடக்கவிருந்த குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிய ஊகமாகவே எழுதப்பட்டது. 1936 நவம்பரில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்று மீண்டும் பதவிக்கு வந்த பிறகுதான் அது நடவாத வரலாறாயிற்று. இன்று அதை வாசிப்பவர்கள் ஆசிரியரின் தீர்க்கதரிசனம் பலித்ததா பொய்த்ததா என்பதிலேயே நின்றுவிடுகின்றனர். ஒரு குடியரசு தன் சட்டங்களைக் கொண்டே தன்னை எப்படிக் கலைத்துக்கொள்ளும் என்பதை அலுவலக நடைமுறை அளவுக்கு இறங்கிக் காட்டியிருப்பதே அந்நூலின் உண்மையான பலம்.

நாவல் பிறந்த சூழல் பெருமந்தத்தின் சூழல். 1929இல் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து, 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லாதிருந்தது. இருப்பவர்களிடமிருந்து பிடுங்கி இல்லாதவர்களுக்குத் தருவதாகச் சொல்லும் குரல்களுக்கு அப்போது வானொலி என்னும் புதிய சாதனம் நாடு முழுவதும் செவிகளைத் திரட்டித் தந்தது. டெட்ராய்ட் நகரை அடுத்த ராயல் ஓக் ஊரின் கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் காஃப்லின் வாரந்தோறும் ஆற்றிய வானொலி உரைகளை லட்சக்கணக்கானோர் கேட்டனர். வங்கி முதலாளிகளைச் சாடுவதில் தொடங்கிய அவ்வுரைகள் பிற்காலத்தில் வெளிப்படையான யூத வெறுப்பாக முற்றின. நாவலில் வின்ட்ரிப்புக்கு வானொலி வழியே வாக்குச் சேர்த்துத் தரும் பிஷப் பிராங், காஃப்லினின் நிழல் என்பதை அன்றைய வாசகர் எவரும் உடனே கண்டுகொண்டிருப்பர்.

வின்ட்ரிப்புக்கு முன்மாதிரியாகச் சுட்டப்படும் ஹியூயி லாங் இன்னும் நுணுகிப் பார்க்கத் தக்கவர். லூசியானா மாநிலத்தின் ஆளுநராக 1928இல் பொறுப்பேற்ற அவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் வழங்கினார், சேற்று வழிகளாகக் கிடந்தவற்றைச் சாலைகளாக்கினார், பாலங்கள் கட்டினார், எண்ணெய் நிறுவனங்கள் மீது வரி விதிக்க முற்பட்டார். ஏழைகள் அவரைக் கொண்டாடியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்பதை மறைப்பவர் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. அதே ஆளுநர்தான் அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துத் தம் அரசியல் கருவூலத்தில் சேர்த்தார். 1929இல் மாநிலக் கீழவை அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியபோது, சான்று எதுவாயினும் தாங்கள் தண்டிக்கப் போவதில்லை என்று மேலவை உறுப்பினர் 15 பேரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி, அங்கு நடந்த விசாரணையைச் செல்லாததாக்கினார். 1932இல் தேசிய செனட்டுக்குச் சென்ற பின்னும், தமக்கு வேண்டியவரை ஆளுநராக அமர்த்தி மாநிலத்தை அங்கிருந்தே ஆண்டார். பெருஞ்செல்வர்களின் சொத்துக்கு வரம்பு கட்டி, மீதியை எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கிடுவதாகச் சொன்ன 'செல்வத்தைப் பகிர்வோம்' இயக்கத்தை 1934இல் அவர் தொடங்கியது வெள்ளை மாளிகையைக் குறிவைத்துத்தான்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நடவாத ஆட்சியைக் கற்பனை செய்து எழுதியவர் லூயிஸ் மட்டுமல்லர், லாங்கும் எழுதினார். தாம் குடியரசுத் தலைவராகிவிட்டதாகப் பாவித்து அவர் எழுதிய 'வெள்ளை மாளிகையில் என் முதல் நாட்கள்' என்னும் நூலில், தோற்றுப்போன ரூஸ்வெல்டைத் தம் அமைச்சரவையில் கடற்படைத் துறைக்கும், முன்னாள் தலைவர் ஹூவரை வணிகத் துறைக்கும் அமைச்சர்களாக நியமித்து மகிழ்கிறார். 1935 செப்டம்பர் 8 அன்று, தாமே கட்டுவித்த பேட்டன் ரூஜ் சட்டமன்ற மாளிகையின் நடைவழியில் சுடப்பட்டு, இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். அந்த நூல் அதன் பிறகே வெளிவந்தது. அடுத்த மாதமே லூயிஸின் நாவலும் கடைகளுக்கு வந்தது.

லாங்கைவிட ஆழமான தூண்டுதல் லூயிஸின் வீட்டுக்குள்ளேயே இருந்தது எனலாம். அவருடைய மனைவி டோரதி தாம்சன் பெர்லினில் பணியாற்றிய செய்தியாளர். 1931இல் ஹிட்லரை நேர்கண்ட அவர், இத்தனை அற்பமான மனிதன் ஜெர்மனியின் சர்வாதிகாரியாக முடியாது என்ற முடிவுக்கு வந்து அதையே எழுதினார். 1933 ஜனவரியில் அந்த மனிதர் பிரதமரானார், 1934 ஆகஸ்டில் தாம்சன் ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆளின் சிறுமை அதிகாரத்துக்குத் தடையாகாது என்னும் பாடத்தை லூயிஸ் தம் நாவலின் அச்சாணியாக்கிக்கொண்டார். வின்ட்ரிப் அறிவாளி அல்லர். அவர் சொல்லும் பொய்கள் எளிதில் பிடிபடக்கூடியவை. அவருடைய கூட்டத்தில் கைதட்டிவிட்டு வெளியே வருபவர்களுக்கு, அவர் என்ன பேசினார் என்பது நினைவில் நிற்பதில்லை. அவர் பெயரில் வெளிவரும் நூலைக்கூட அவருடைய செயலாளர் லீ சராசன்தான் எழுதிக்கொடுக்கிறார்.

வின்ட்ரிப் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ரூஸ்வெல்டை முந்தி வேட்பாளராகிறார். அவர் முன்வைக்கும் தேர்தல் அறிக்கை 15 அம்சங்கள் கொண்டது. வங்கிகள் கட்டுப்படுத்தப்படும், வருமானத்துக்கு உச்சவரம்பு வரும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் உறுதி செய்யும் திட்டங்கள் ஆராயப்படும், கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்படும், பெண்கள் அடுப்படிக்குத் திரும்புவர், யூதர்கள் நிபந்தனைக்கு உட்பட்டே வாழலாம். வறியவரின் நியாயமான கோரிக்கையும் வெள்ளையரின் அப்பட்டமான வெறுப்பும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறுவதால், ஒவ்வொரு வாக்காளரும் தமக்குப் பிடித்த அம்சத்தை வாசித்துவிட்டு மற்றவற்றை வெறும் மேடைப் பேச்சென்று தள்ளிவிட முடிகிறது. பட்டியலின் கடைசியில், எவரும் வாசிக்கச் சலிக்கும் இடத்தில், பதினைந்தாவது அம்சம் இருக்கிறது: நெருக்கடிக் காலத்தில் தேவையான நடவடிக்கை அனைத்தையும் எடுக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு, நாடாளுமன்றம் ஆலோசனை சொல்வதோடு நிற்கும், உச்ச நீதிமன்றம் அவருடைய செயல்களைச் செல்லாதவை என அறிவிக்க முடியாது.

வின்ட்ரிப் வெற்றி பெறுகிறார், கலவரமின்றி, சட்டப்படி. 1937 ஜனவரியில் பதவியேற்றவுடன் அவர் நிறைவேற்றக் கேட்பது முதல் அம்சத்தையன்று, பதினைந்தாவதை. இரு அவைகளும் அதை நிராகரிக்கின்றன. அன்று மாலைக்குள் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, நாடாளுமன்ற உறுப்பினர் நூறு பேருக்கு மேல் கைதாகின்றனர். கைது செய்பவர்கள் 'மினிட் மென்' எனப்படும் சீருடைத் தொண்டர்கள்; அமெரிக்கச் சுதந்திரப் போரில் நொடியில் ஆயுதமேந்தத் தயாராக நின்ற ஊர்க்காவல் வீரர்களின் பெயர் அது. தேர்தல் காலத்தில் அணிவகுத்துப் பாடிச்சென்ற இந்தக் குழுக்கள், பதவியேற்ற நாளிலேயே இராணுவத்தின் துணைப்படையாக அங்கீகரிக்கப்பட்டுத் துப்பாக்கியும் பெற்றுவிட்டன. ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படைக்கும் 1933 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தைத் தானே ஒப்படைத்த சட்டத்துக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. ஆனால் லூயிஸ் அயல்நாட்டு அடையாளம் ஒன்றையும் ஒட்டவைக்கவில்லை. கொடி, பாட்டு, பெயர் அனைத்தும் உள்ளூர்ச் சரக்கு.

அதற்கடுத்து நாவல் நிர்வாகத்துக்குள் நுழைகிறது. அதன் செறிவான பகுதி இதுவே. மாநிலங்கள் ஒழிக்கப்பட்டு நாடு எட்டு மாகாணங்களாகப் பிரிக்கப்படுகிறது. மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் ஆணையர்கள் மேலிருந்து நியமிக்கப்படுகின்றனர். நாட்டுக்கு முசோலினியின் இத்தாலியை அடியொற்றிக் 'கார்ப்பரேட் அரசு' என்று பெயர். நிறுவனங்களின் அரசு என்று இதைப் பொருள்கொள்ளலாகாது. முதலாளியும் தொழிலாளியும் தொழில்வாரியான சங்கங்களில் அடைக்கப்பட்டு, அச்சங்கங்கள் அரசின் கைக்குள் இருக்கும் ஏற்பாடு அது. வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. ஒழிந்த விதம் இதுதான்: வேலையற்றோர் தொழில் முகாம்களில் சேர்க்கப்பட்டு, நாளொன்றுக்கு 1 டாலர் கூலி பெறுகின்றனர்; சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் அதில் 70 முதல் 90 சென்ட் வரை பிடித்துக்கொள்ளப்படுகிறது. இவர்களைத் தனியார் முதலாளிகள் வாடகைக்கு எடுக்கின்றனர். எடுத்ததும், கூடுதல் சம்பளம் வாங்கிவந்த தங்கள் பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்புகின்றனர். அனுப்பப்பட்டவர்கள் மறுநாள் முகாம் வாசலில் வந்து நிற்கின்றனர். வாக்களிக்கப்பட்ட 5,000 டாலர் கடைசிவரை வந்துசேர்வதில்லை.

தலைநகரைவிட ஆட்சி தெளிவாகத் தெரிவது வெர்மான்ட் மாநிலத்தின் ஃபோர்ட் பியூலா என்னும் கற்பனைச் சிற்றூரில். அவ்வூர் நாளிதழின் ஆசிரியர் டோரமஸ் ஜெசப், அறுபது வயதை எட்டியவர், நல்லவர், எதிலும் தீவிரம் காட்டாதவர். அவருடைய வீட்டில் புல் வெட்டவும் விறகு பிளக்கவும் இருக்கும் ஷாட் லெடூ சோம்பேறி. எசமானரின் புத்தக அலமாரியையும் கனிவான பேச்சையும் ஒருங்கே வெறுப்பவன். புதிய ஆட்சியில் அவன் மினிட் மென் தலைவனாகி, வட்ட ஆணையராகவும் உயர்ந்து, ஜெசப்பைக் கைது செய்ய வருகிறான். ஜெசப் எழுதிய ஒரே ஒரு தலையங்கத்தின் விலையாக, நியாயம் கேட்கப்போன அவருடைய மருமகன் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஜெசப்பை ஆட்சி உடனே கொல்வதில்லை. அதே அலுவலகத்தில் அமர்த்தி, தம் நாற்காலிக்கு வரப்போகும் கட்சிக்காரருக்குப் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வைக்கிறது. சர்வாதிகாரத்துக்குத் திறமைசாலிகள் தேவைப்படுகின்றனர், ஆனால் சிறிது காலத்துக்கு மட்டுமே என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன காட்சி அக்கால அரசியல் புனைவில் அரிது. லெடூவை வெறும் வில்லனாகவும் லூயிஸ் விட்டுவிடவில்லை. ஜெசப் போன்ற கனவான்கள் தங்கள் கொல்லைப்புறத்தில் வேலை செய்தவனை ஒருநாளும் கண்ணெடுத்துப் பார்க்காததும் இந்த ஆட்சிக்கு ஒரு வித்து என்று ஜெசப்பின் சிந்தனை வழியாகவே ஒப்புக்கொள்ளச் செய்கிறார்.

வின்ட்ரிப்பின் வீழ்ச்சியைப் பற்றிய பகுதி அவசரமாக எழுதப்பட்டது. சில மாதங்களில் முடிக்கப்பட்ட நாவல் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் சராசன் வின்ட்ரிப்பைக் கவிழ்த்துப் பிரான்சுக்கு நாடு கடத்துகிறார். சராசனைத் தளபதி டூயி ஹெய்க் கொன்று தாமே பதவியில் அமர்கிறார். மெக்சிகோ மீது போர் மூட்டப்படுகிறது. மேற்கே கிளர்ச்சி வெடிக்கிறது. தலைமைக்குள் நடக்கும் கழுத்தறுப்பை 1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் தம் பழைய தோழர்களைக் கொன்றொழித்த நிகழ்ச்சியிலிருந்து லூயிஸ் வருவித்திருக்கலாம். ஆனால் அந்தக் களையெடுப்பு ஹிட்லரை வலுப்படுத்தவே செய்தது. முசோலினி 1922 முதல் 1943 வரை நீடித்ததும், போர்ச்சுகலின் சாலசார் 1932 முதல் 1968 வரை ஆண்டதும் நோக்க, இத்தகைய ஆட்சிகள் தம் உட்பூசலாலேயே விரைவில் சிதறிவிடும் என்ற லூயிஸின் கணக்கு மிகையான நம்பிக்கை.

நாவலுக்கு வெளியே நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். லாங்கின் ஆதரவாளர்களில் எஞ்சியோரும் காஃப்லினும் சேர்ந்து 1936இல் நிறுத்திய யூனியன் கட்சி வேட்பாளர் வில்லியம் லெம்கே 9 லட்சத்துக்கும் குறைவான வாக்குகளே பெற்றார். நாவலின் திரைப்பட உரிமையை வாங்கிய எம்.ஜி.எம். நிறுவனம், திரைக்கதையும் எழுதி முடிந்த நிலையில், 1936 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. தணிக்கை அமைப்பின் அச்சுறுத்தலே காரணம் என்று லூயிஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார், நிறுவனம் செலவைக் காரணம் காட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பாக, வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்குப் பிழைப்பளிக்க ரூஸ்வெல்ட் அரசு நடத்திய கூட்டாட்சி நாடகத் திட்டம், அந்நாவலின் நாடக வடிவத்தைப் பல நகரங்களில் 20க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே மாலையில் மேடையேற்றியது. நியூயார்க்கில் யிட்டிஷ் மொழியிலும் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஸ்பானிஷ் மொழியிலும் அது நடந்தது. அரசே பணம் கொடுத்து அரசு எதேச்சாதிகாரமாவதைப் பற்றி மக்களுக்கு நாடகம் போட்ட அந்தத் திட்டத்தை, இடதுசாரிச் சாய்வு கொண்டதென்று குற்றஞ்சாட்டி, நாடாளுமன்றம் 1939 ஜூன் மாதத்துடன் நிதியை நிறுத்தி மூடியது.

லூயிஸ் எதிர்காலமாக எழுதியதை, முடிந்துபோன காலமாக மீண்டும் எழுதியவர் ஃபிலிப் ராத். 2004இல் வெளியான அவருடைய நாவலில் 1940ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூஸ்வெல்டைத் தோற்கடிப்பவர் கற்பனை மனிதரல்லர். அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பர்க். அந்த ஆட்சி அடுத்த பகுதியில்.

(தொடரும்)