நாலடியாரும் ஒரு ஜவுளிக்கடைக்காரனும்

‘கவிதை என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் ஐயா’ என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். நான் புலவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்கு மும்பை வந்து, 35 வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருப்பவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் படித்த தமிழெல்லாம் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் படித்ததுதான். இங்குள்ள குஜராத்தி ஜைன வியாபாரிகள், ‘ஜைனரா? தமிழரா?’ என்று இன்னமும் வியக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் நாலடியார்.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான அந்நூலில் 400 வெண்பாக்கள். எண்ணாயிரம் சமண முனிவர்கள் ஆளுக்கொரு பாட்டெழுதி வைத்துவிட்டு மதுரையை விட்டுப் போனார்கள், பாண்டியன் அவற்றை வைகையில் வீசினான், 400 ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்தன என்பது கதை. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். பதுமனார் இப்பாடல்களை 40 அதிகாரமாக வகுத்தார். ஜி.யு. போப் 1893-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழெழுத்து தெரியாத நம் பேரப்பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும்.

புதிதாக வருகிறவருக்கு வெண்பாவைப் போல நல்ல வாசல் வேறில்லை என்பது என் கட்சி. நாலே அடி. முதல் மூன்றிலும் நாலு நாலு சீர், கடைசியில் மூன்று. முழுப்பாட்டையும் ஒரே மூச்சில் மனசில் பிடித்துக்கொண்டு பேசலாம். ஞாயிறு தோறும் சங்கத்து அறையில் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ஒருவர் இரண்டு தரம் உரக்கப் படிப்பார். பிறகு பலகையில் பதம் பிரித்து எழுதுவோம். வெண்பா கஷ்டமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான். அப்புறம், ‘இதில் கண்ணுக்கு என்ன தெரியுது?’ என்று கேட்போம். உரையைக் கடைசியில்தான் திறப்பது.

இப்படி ஒரு நாள் கல்வி அதிகாரத்தின் முதல் பாட்டை, அதாவது 131-ஆவதை, எடுத்தோம். தலைமுடியின் அழகு, ‘தானை’யின் அழகு, பூசும் மஞ்சளின் அழகு இவையெல்லாம் அழகல்ல, கல்வியழகே அழகு என்பது அதன் போக்கு. தானை என்றால் சேனை. அகராதியில் அப்படித்தான் முதலில் பார்த்தேன், இருபது வருஷமாக அப்படியே சொல்லியும் வந்தேன். அரசனின் படை அணிவகுப்பு அழகு என்று விஸ்தாரமாக வேறு பேசுவேன்! அன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், கையைத் தூக்கினாள். “தாத்தா, முடி இருக்கு, மஞ்சள் இருக்கு. நடுவிலே சேனா எதுக்கு வந்துச்சு?”

எனக்குப் பதில் வரவில்லை. உரையை எடுத்துப் பார்த்தால், தானை என்றால் ஆடை. அங்கே சொல்லப்படுவது வளைத்து உடுத்தும் துணியின் கரையழகு. முந்தானை என்கிறோமே, அதில் இருப்பது இந்தத் தானைதான். முன் தானை, முந்தானை. தினமும் நூறு தரம் முந்தானையை விரித்துக் காட்டி, கரையைத் தடவிக் காட்டி வியாபாரம் செய்கிறவனுக்கு இது தெரியவில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் காது சிவந்துபோச்சு. ‘தப்பாகச் சொல்லி வந்தேன் அம்மா’ என்று அவளிடம் சொன்னேன். அவளைவிட, முன்பு என்னிடம் தப்பாகக் கேட்டுக்கொண்டு போனவர்களை நினைத்துத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர்களில் சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். எங்கே போய்த் திருத்துவது?

ஒரு ஆறுதல் உண்டு. 1880-ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. பாடம் தொடங்கியபின் சமணக் கருத்துகள் விளங்காமல், அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் பதிப்பும் வெளிவந்தது. அவரே கேட்டிருக்கிறார், நமக்கென்ன வெட்கம்?

அந்தப் பாட்டின் பின்பாதியில் இன்னும் சண்டை தீரவில்லை. கல்வி ஏன் அழகு என்றால், ‘நாம் நல்லபடி நடக்கிறோம்’ என்று மனசுக்குள்ளேயே தோன்றும் நடுநிலையால் என்கிறது. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர், படித்தால் அந்த நடுநிலை வரும் என்கிறார். படித்தவர்கள் செய்கிற கோல்மால்களைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தவன் நான். நடுநிலை உள்ளவனிடம் இருந்தால்தான் அது கல்வி என்று எனக்குப் படுகிறது. முழக்கோல் பிடிக்கிற கைக்கு இது வெறும் இலக்கணச் சந்தேகம் இல்லை.

அடுத்த மாதம் 135-ஆம் பாட்டு. பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை வருவது. அப்படி ஒரு பறவை கிடையாது என்று அந்தப் பெண் இப்போதே சொல்லிவிட்டாள். அதில் ‘குருகு’ என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தத் தடவை உரையை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். நாலு மணிக்கு வாருங்கள். பொழுது சாயுமுன் சாப்பிடுகிறவன், ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன்.